மேயரா இருந்தவங்க திரும்ப கவுன்சிலர் ஆனா அது இறக்கமா?

அன்புள்ள அக்கா,

ஜோஆன் யுகிமுரா பத்தி நீங்க எழுதின குறிப்பைப் படிச்சேன். ஹவாய் மாநிலத்துல கவாய்னு ஒரு தீவு, அது ஒரு கவுண்ட்டி, அதுக்கு அவங்க மேயரா இருந்தாங்க, சரி. ஆனா அவங்க எதிர்த்த ஹோட்டல் கடைசில வந்துடுச்சு, மேயர் பதவியும் போச்சு, அதுக்கப்புறம் மேயருக்கு நின்னப்பெல்லாம் தோல்விதான். ஒரு தடவை மேயரா இருந்தவங்க திரும்ப கவுன்சிலர் சீட்டுல போய் உக்கார்றது இறக்கம் இல்லையா? இதை எப்படி நல்ல அரசியல் வாழ்க்கைனு சொல்றீங்க?

— வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

நல்ல வாழ்க்கைனுதான் இப்பவும் சொல்றேன், நீங்க இறக்கம்னு சொல்ற அந்த கவுன்சிலர் சீட்டுக்காகவே சொல்றேன்.

முதல்ல அந்த சீட்டு என்னன்னு பாருங்க. ஹவாய்ல நகராட்சி, ஊராட்சினு தனியா எதுவும் கிடையாது, மாநில அரசுக்குக் கீழ நேரா கவுண்ட்டிதான். போலீஸ், தண்ணி, குப்பை, சொத்து வரி எல்லாம் அவங்க கையில. எல்லாத்தையும் விட முக்கியமானது எந்த நிலத்துல என்ன கட்டலாம்ங்கற ஜோனிங். கவுன்சில்ல மொத்தம் ஏழே பேர், வார்டு எதுவும் இல்ல, தீவு முழுக்க ஓட்டு வாங்கணும், ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப ஜனங்க முன்னாடி போய் நிக்கணும். கரும்புத் தோட்டம் படுத்துட்ட, டூரிஸ்ட் வந்து குவியற ஒரு தீவுல ஜோனிங்ல கை வைக்கற ஏழு பேர்ல ஒருத்தரா இருக்கறது சின்ன வேலை இல்ல தம்பி.

யுகிமுரா ஸ்டான்ஃபோர்டுல படிச்சு, வாஷிங்டன் யுனிவர்சிட்டில சட்டம் முடிச்சு, ஊருக்குத் திரும்பி 1976ல கவுன்சிலுக்கு ஜெயிச்சவங்க. நீங்க சொல்ற ஹோட்டல் விவகாரம் நுகோலி. கவாயோட முக்கிய ஊரான லிஹூயே பக்கத்துல கடற்கரையை ஒட்டி இருந்த நிலம், அதை ரிசார்ட் கட்டலாம்னு மாத்திட்டாங்க, ஜனங்க கையெழுத்து வாங்கி 1980ல பொது வாக்கெடுப்புக்குக் கொண்டு போனாங்க, முன்னாடி நின்னவங்கள்ல இவங்களும் ஒருத்தர். கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பேர் ரிசார்ட் வேண்டாம்னு ஓட்டு போட்டாங்க. 1982ல மாநில சுப்ரீம் கோர்ட்டும் ஜனங்க பக்கம்தான் நின்னுச்சு, கட்டறவங்களுக்கு அங்க உரிமை எதுவும் வந்துடலைனு சொல்லிடுச்சு. ஆனா அதே வருஷம் நவம்பர்ல இவா புயல் வந்து அடிச்சுட்டுப் போச்சு, வேலை வேணும்ங்கற பேச்சு ஜாஸ்தியாச்சு, 1984ல தனியா இன்னொரு வாக்கெடுப்பு வச்சாங்க, அதை நடத்தற செலவையே ரிசார்ட் தரப்புதான் கொடுத்துச்சு, இந்த தடவை ஜனங்க மாத்தி ஓட்டு போட்டுட்டாங்க. தேர்தல் நடத்தற காசை அதுல லாபம் பாக்கறவங்க கொடுக்கறது எனக்கு இன்னைக்கும் ஜீரணம் ஆகலை. கோர்ட்டுக்குப் போயும் அந்த ஓட்டு செல்லும்னு ஆயிடுச்சு, ஹோட்டலும் வந்துடுச்சு. அந்த விவகாரத்துல இவங்க தோத்தாங்கதான், நான் மறுக்கலை.

ஆனா அதோட முடியலையே. நாலு வருஷம் கழிச்சு, 1988ல, அதே ஜனங்கதான் அவங்களை மேயர் ஆக்கினாங்க, கவாயோட முதல் பெண் மேயர். ரிசார்ட்டுக்கு ஓட்டு போட்டவங்கள்ல பல பேர் இவங்களுக்கும் போட்டிருக்கணும், இல்லாட்டி கணக்கு வராது.

அப்புறம் 1992 செப்டம்பர் 11. இனிகி புயல், நாலாம் வகை, நேரா தீவு மேல ஏறிப் போச்சு. ஆயிரத்து நானூறு வீட்டுக்கு மேல தரைமட்டம், சேதமான வீடு பத்தாயிரத்தைத் தாண்டுது, நாலு வாரம் கழிச்சும் அஞ்சுல ஒரு பங்கு இடத்துக்குத்தான் கரண்ட் திரும்ப வந்திருந்துச்சு. அம்பதாயிரம் பேர் சொச்சம் இருந்த தீவுல ஹோட்டல் மூடி, வேலை போய், இன்சூரன்ஸ்காரங்களோட மல்லுக்கட்டிட்டு நிக்கற ஜனங்களுக்கு மேயரா இருக்கறது எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் யோசிங்க. அப்ப ஜனங்க போக வர ஃபெடரல், அதாவது மத்திய அரசுப் பணத்துல இலவச பஸ் விட்டாங்க. புயல் நிவாரணம்னு வர்ற எல்லாமே பணம் தீர்ந்ததும் காணாமப் போயிடும், நமக்குத் தெரியாததா. அங்க அதை விடாம கவுண்ட்டியோட நிரந்தர பஸ் சர்வீஸா ஆக்கினாங்க, இன்னைக்கும் ஓடுது. கார் இல்லாத வயசானவங்களுக்கும் ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ணப் போறவங்களுக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம்! 1994ல மேரியன் குசாகாகிட்ட தோத்தாங்க. மீளறது மெதுவா நடக்குதுங்கற கோபம் ஜனங்களுக்கு இருந்திருக்கும், அது நியாயமும்கூட.

இங்கதான் நீங்க கேட்ட இறக்கம் வருது. 2002ல திரும்ப கவுன்சிலுக்கு நின்னு ஜெயிச்சாங்க. 2008ல மேயருக்கு நின்னு பெர்னார்ட் கர்வாலோகிட்ட தோத்தாங்க, 2010ல மறுபடி கவுன்சில். பஸ்ஸு, உள்ளூர்க்காரங்க வாங்கற மாதிரி விலைல வீடுனு அதே வேலையைத்தான் பண்ணினாங்க. 2013ல விதை கம்பெனிங்க என்ன பூச்சி மருந்து அடிக்கறாங்கன்னு வெளிய சொல்லணும், ஸ்கூல், ஆஸ்பத்திரி பக்கத்துல அடிக்கக் கூடாதுன்னு 2491ம் நம்பர் மசோதா வந்துச்சு. அஞ்சு வருஷம் முன்னாடி இவங்களைத் தோக்கடிச்ச அதே மேயர் கர்வாலோ அதுக்கு ஒப்புதல் தராம வீட்டோ பண்ணினார், கவுன்சில் அஞ்சுக்கு ரெண்டுன்னு ஓட்டு போட்டு வீட்டோவைத் தாண்டுச்சு, அந்த அஞ்சு ஓட்டுல ஒண்ணு இவங்களோடது. வீட்டோவைத் தாண்ட அஞ்சு கண்டிப்பா வேணும், ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் அங்கயே போயிருக்கும். மேயரா இருந்துட்டோம்னு கௌரவம் பாத்து வீட்டுல இருந்திருந்தா அந்த ஓட்டு எங்கேர்ந்து வரும்?

கோர்ட்ல அதுவும் நிக்கலை, இது மாநிலத்தோட அதிகாரம்னு 2014ல ஃபெடரல் ஜட்ஜ் தள்ளிட்டார், 2016ல அப்பீல்லயும் அதேதான். ஆனா 2018ல ஹவாய் மாநிலமே குளோர்பைரிஃபாஸ்ங்கற பூச்சி மருந்தைத் தடை பண்ணி, மருந்து விவரம் கொடுக்கணும், ஸ்கூலைச் சுத்தி இடைவெளி விடணும்னு சட்டம் போட்டுச்சு. அது அவங்களால மட்டும் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கா தெருவுல நின்ன ஜனங்க நிறைய. ஆனா கவாய்ல அந்த அஞ்சு பேர் முதல்ல கை தூக்காம அது அவ்வளவு சீக்கிரம் மாநிலத்துக்குப் போயிருக்காதுன்னு நம்பறேன். அதே வருஷம் கடைசியா ஒரு தடவை மேயருக்கு நின்னாங்க, முதல் சுத்துலயே வெளிய வந்துட்டாங்க.

கவாய் பத்தி ஆர்வம் வந்திருந்தா எட்வார்டோ மலாபிட் பத்தியும் தேடிப் படிங்க, 1974ல அதே தீவுல மேயரானவர், அமெரிக்காவுலயே மேயரான முதல் ஃபிலிப்பினோ அமெரிக்கர். அவரைப் பத்தி அடுத்து எழுதறேன்.

அன்புடன்,
அக்கா