அம்மாவுக்கு 1,850 வெள்ளி வாக்கர் தேவையா?

கேள்வி: எனக்கு 36 வயது, திருமணமாகவில்லை. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, சம்பளம் 4,200 வெள்ளி. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்கு வயது 74, இரண்டு முழங்காலும் தேய்மானம். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் வைத்த வாக்கர் வாங்கிக் கொடுங்கள் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். கடையில் கார்பன் ஃபைபர் ரோலேட்டர் ஒன்றைக் காட்டினார்கள். விலை 1,850 வெள்ளி, கிரெடிட் கார்டில் 12 மாதம் வட்டியில்லாத் தவணை. ஜொகூரில் இருக்கும் அண்ணன், ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப்-இல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எடு என்கிறார். அக்கா, ஆன்லைன் கடையான ஷோப்பியில் 200 வெள்ளிக்குக் கிடைக்குமே என்கிறார். கார்டில் ஏற்கெனவே 2,400 பாக்கி, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகைதான் கட்டுகிறேன். சேமிப்பு 3,000. வாக்கர் காசு வரியில் திரும்பி வந்துவிடும் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

— வாசகி, பினாங்கு

பதில்: இந்த வாரம் எந்த வாக்கரையும் வாங்காதீர்கள். எந்தப் பணத்தில் வாங்குவது என்று குடும்பமே யோசித்திருக்கிறது, எதை வாங்குவது என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

சக்கர வாக்கரில் இரண்டு வகை உண்டு. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ரப்பர் கால் உள்ளது ஒன்று. இதில் உடம்புப் பாரத்தை ஊன்றி நடக்கலாம். நான்கு சக்கரமும் கைப்பிரேக்கும் உட்காரப் பலகையும் உள்ள ரோலேட்டர் இன்னொன்று. நடை தடுமாறுகிறவருக்கும் சீக்கிரம் களைத்துப்போகிறவருக்கும் இது சரி. ஆனால் வலி தாங்காமல் முழுப் பாரத்தையும் அதன் மேல் சாய்த்தால் வண்டி முன்னால் ஓடிவிடும், அம்மா பின்னால் விழுந்து கிடப்பார். முழங்கால் தேய்மானக்காரர்கள் பலர் அப்படிச் சாய்ந்துதான் நடக்கிறார்கள். உங்கள் அம்மா எப்படி நடக்கிறார் என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஜாலான் ரெசிடென்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு சில வெள்ளிதான். காத்திருக்க வேண்டியிருக்கலாம், பரவாயில்லை. முதல் வகையே போதும் என்று அவர் சொல்லிவிட்டால் உங்கள் 1,850 வெள்ளிப் பிரச்சினை நூறு, நூற்றைம்பதோடு முடிந்துவிடும்.

இல்லை, ரோலேட்டர்தான் வேண்டும் என்றால் முந்நூறிலிருந்து ஐந்நூறுக்குள் நல்ல அலுமினிய வண்டி கிடைக்கும். கார்பன் ஃபைபரின் பெரிய லாபம் எடை குறைவு. அந்த எடையைத் தூக்கப்போவது யார்? தினமும் காரில் ஏற்றி இறக்குகிறவருக்கு இரண்டு கிலோ பெரிய விஷயம். லிஃப்டில் இறங்கி, கீழே உள்ள கடைவரை போய் வருகிற அம்மாவுக்கு அது ஒன்றுமே இல்லை. 1978-ல் ரோலேட்டரை உருவாக்கியவர் ஐனா விஃபால்க் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண். அவரே போலியோவால் பாதிக்கப்பட்டவர். இன்றைக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியது சக்கரம், பிரேக், கைப்பிடி இந்த மூன்றுக்கும்தான். மற்றதெல்லாம் பளபளப்பு.

அதனால் கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். பிரேக்கை அவர் கையாலேயே அழுத்திப் பார்க்கட்டும், கீழே தள்ளிப் பூட்டியும் பார்க்கட்டும். விரலிலும் வலி இருக்கிறவர்களுக்குச் சில பிரேக்குகள் அசையவே அசையாது. சக்கரம் எட்டு அங்குலம் இருந்தால் நல்லது. சின்னச் சக்கரம் நம்மூர்க் கடை முன் ஐந்தடி நடைபாதையின் மேடு பள்ளத்திலும் சாக்கடை மூடிக் கம்பியிலும் மாட்டிக்கொள்ளும். கிளம்பும் முன் வீட்டுக் கதவுகளின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டி அறுபது சென்டிமீட்டருக்கு மேல், குளியலறைக் கதவு அதைவிடக் குறுகல் என்றால், விழுந்த இடத்துக்குள் மட்டும் வாக்கர் நுழையாது!

அக்கா சொல்வதும் முழுத் தப்பில்லை. அளவும் வகையும் தெரிந்த பிறகு ஷோப்பியில் வாங்கலாம். பிரேக் கம்பி அறுந்தால் யார் மாற்றிக் கொடுப்பார் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த வீட்டில் சும்மா கிடக்கும் பழைய வாக்கர்கூட நல்லதுதான், ரப்பரும் பிரேக்கும் சரியாக இருந்தால்.

இப்போது பணம். அந்த 'வட்டியில்லாத்' தவணை உங்களுக்கு வட்டியில்லாததாக இருக்காது. மாதத் தவணை 154 வெள்ளி கார்டு பில்லில் வந்து சேரும். பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்கு அதில் வட்டியில்லை. குறைந்தபட்சம் மட்டும் கட்டினால், கட்டாமல் விட்ட தவணையும் பாக்கியோடு சேர்ந்து, ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டியில் ஓடும். இப்போதே 2,400 வெள்ளிக்கு மாதம் 30, 36 வெள்ளி வட்டியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அண்ணன் சொல்லும் வழி கார்டைவிட மேல்தான். ஆனால் 2024 மே மாதம் அந்தக் கணக்கைத் திறந்துவிட்டதிலிருந்து, எந்தச் செலவு வந்தாலும் முதலில் அங்கேதான் கை போகிறது. இபிஎஃப் 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. ஆண்டுக்கு 6 என்று வைத்துக்கொண்டாலும் இன்று எடுக்கும் 1,850, உங்கள் 55 வயதில் சுமார் 5,600 ஆகியிருக்கும். நானூறு வெள்ளி வண்டிக்குக் கையில் சேமிப்பு இருக்கும்போது அதைத் தொட வேண்டியதில்லை. சேமிப்பு எதற்கு இருக்கிறது? இதற்குத்தான்.

வரி விஷயத்தில் உங்கள் நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். மாற்றுத்திறனாளியான பெற்றோருக்கு வாங்கும் அடிப்படை உதவிக் கருவிகளுக்கு 6,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு. ஆனால் அம்மா சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்திருக்க வேண்டும். வயதானவர் என்பது மட்டும் போதாது. பதிவுக்கு டாக்டர் சான்று வேண்டும், அவரிடமே கேட்டுப் பாருங்கள். பதிந்தவர்களில் வசதி குறைந்தவர்களுக்கு உதவிக் கருவி வாங்க இலாகாவே நிதி உதவியும் கொடுக்கிறது. அதைக் கேட்பதாக இருந்தால் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

கழிவு என்றால் கொடுத்த காசு அப்படியே திரும்பி வராது, வரி போடும் வருமானம்தான் அவ்வளவு குறையும். போனஸ், ஓவர்டைம் இல்லை என்று வைத்து உங்கள் கணக்கைப் போடுகிறேன். ஆண்டு வருமானம் 50,400. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் 4,000, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா 350 போக 37,050. அதில் 35,000-க்கு மேல் உள்ளதற்கு 6 விழுக்காடு வரி. ஆக, 400 வெள்ளி வாக்கரால் மிச்சமாவது 24 வெள்ளி.

ஆனால் உங்கள் விஷயத்தில் இங்கே ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. வரி போடும் வருமானம் 35,000-க்குள் இருந்தால், கட்ட வேண்டிய வரியிலேயே 400 வெள்ளி தள்ளுபடி கிடைக்கும். 37,050-க்கு வரி 723 வெள்ளி. 35,000 என்றால் 600, தள்ளுபடி போக 200. வித்தியாசம் 523! அதற்கு இன்னும் 2,050 வெள்ளிக்குக் கழிவு காட்ட வேண்டும். உங்கள் பெயரில் உள்ள வீட்டு இணையக் கட்டணம் மாதம் 100 என்றால் அதுவே 1,200. மீதி 850-ஐ அம்மாவின் சிகிச்சைச் செலவில் பாருங்கள். டாக்டர் சான்றோடு பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வரை கழிவு உண்டு, இதற்கு மாற்றுத்திறனாளி அட்டை தேவையில்லை. விழுந்தபோது பார்த்த டாக்டர் பில்லை எங்கே வைத்தீர்கள்? தேடி எடுங்கள். ரசீது பணம் கட்டியவர் பெயரில் இருக்கட்டும், ஏழு வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம், அம்மா விழுந்தது குளியலறையில். பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே செய்ய வேண்டியது அங்கேதான் இருக்கிறது. சுவரில் துளை போட்டுப் பொருத்தும் கைப்பிடி இரண்டு, டாய்லெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. வழுக்காத பாய், முதுகுச் சாய்மானமுள்ள குளியல் நாற்காலி. ஓட்டை போட வேண்டாமே என்று ரப்பரால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியை வாங்கிவிடாதீர்கள், ஆள் பாரம் விழுந்தால் கையோடு வந்துவிடும். ஆள் கூலியோடு எல்லாம் 400 வெள்ளியை ஒட்டி வரும். வாக்கரோடு சேர்த்து எண்ணூறு. உங்கள் சேமிப்பில் 2,200 மிஞ்சும், அதில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கார்டு பாக்கியில் கட்டிவிடுங்கள். அண்ணனும் அக்காவும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்களே, குளியலறை பில்லை ஆளுக்குப் பாதியாக அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.