சொந்தத்தில் மணந்ததால்தான் மகனுக்கு அடிக்கடி நிமோனியாவா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. எட்டாம் மாதத்திலிருந்து காதில் சீழ் வடிகிறது. நிமோனியாவுக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். என் தம்பியும் நான்கு வயதில் இப்படித்தான் இறந்தான். நான் மாமன் மகனை மணந்ததுதான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா? – வாசகி, செம்பூர், மும்பை.

பதில்: பிறவியிலேயே வரும் எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகளில் சில, நெருங்கிய உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுவது உண்மையே. ஆனால் உங்கள் தம்பியின் மரணமும் மகனின் நோயும் சேர்ந்து வேறொரு வகையைச் சந்தேகிக்க வைக்கின்றன. எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிடிகே என்னும் மரபணு பழுதானால், கிருமியை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) உடலில் ஏறக்குறைய உற்பத்தியாவதே இல்லை. 1952இல் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்நோயை விவரித்தார். ஆண் பிள்ளை எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுவதால், நோய் இதுவாக இருப்பின், நீங்கள் யாரை மணந்திருந்தாலும் மகனுக்கு இது வருவதற்கான வாய்ப்பு மாறியிருக்காது.

கருவில் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பொருள் ஆறு மாதத்திற்குப் பிறகு தீர்ந்துவிடும் என்பதால், எட்டாம் மாதத்தில் தொல்லை தொடங்கியதும் இதனோடு பொருந்துகிறது. குழந்தை மருத்துவரிடம் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்: அடிக்கடி தொற்று வரும் பிள்ளைக்கு டான்சில் வீங்கியிருப்பதே வழக்கம்; இந்நோயிலோ அது மிகச் சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்னும் இம்யூனோகுளோபுலின் வகைகளின் அளவை இரத்தத்தில் பார்த்து, அவை வயதுக்குரிய அளவைவிட மிகக் குறைந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் உற்பத்திக்குக் காரணமான பி செல் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் மரபணுவையும் சோதிக்க வேண்டும். குர்லாவில் ரயில் மாறினால் வந்துவிடும் பரேலில், கேஇஎம் மருத்துவமனை வளாகத்திலுள்ள தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் இத்தகைய நோய்களை ஆராயும் மையம். உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தி டானிக்குகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இதற்கு அவை எவ்விதத்திலும் உதவா.

நோய் உறுதியானால், கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை, எடையில் கிலோவுக்குச் சுமார் 400 முதல் 600 மில்லிகிராம் வீதம், மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். இது வாழ்நாள் சிகிச்சை, செலவும் அதிகம். ஆயினும் ஒழுங்காக ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்று வளர்கிறார்கள், தாமதித்தால் நிமோனியாவே நுரையீரலை நிரந்தரமாகச் சேதப்படுத்திவிடும்.

முடிவு தெரியும்வரை மகனுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்காதீர்கள். அதிலிருப்பது உயிருள்ள வைரஸ்; பிறரிடமிருந்தும் அது மகனுக்குத் தொற்றலாம் என்பதால், வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளுக்கும் சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசி மருந்து போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோய் உறுதியாகி, உங்களுக்குச் சகோதரிகளும் இருந்தால், அவர்களிடமும் இந்தப் பழுதான மரபணு இருக்கலாம் என்பதால், அவர்கள் கருத்தரிக்கும் முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது.