கரையேறினால் சைக்கிள்

போன மாத இதழில் என் முதல் ட்ரையத்லான் பற்றி எழுதியிருந்தேன். ஈசிஆர் பக்கம் நடந்த குறும்போட்டி. கடலில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து. ராயபுரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் 43 வயதுக்காரி இதைச் செய்தாளா என்று நம்பியும் நம்பாமலும் நிறைய கடிதங்கள். ஆசிரியர் கட்டோடு தூக்கிக் கொடுத்து, "நீங்களே பதில் சொல்லிடுங்க மேடம்" என்றுவிட்டார். முடிந்தவரை சொல்கிறேன். நான் கோச் இல்லை, கடைசியிலிருந்து நான்காவதாக வந்தவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா, நான் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். நடக்கப் பழகின வயசிலேயே கடலில் நீந்தினவன். 750 மீட்டர் எனக்கு ஒரு விஷயமா? நீச்சலுக்குத் தனியாகப் பழக வேண்டுமா?
(வாசகர், காசிமேடு)

வேண்டும் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அண்ணனும் இதையேதான் கேட்டான்.

அவனும் படகுக்காரன். ஒருநாள் பெரியமேடு மை லேடீஸ் பூங்கா நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குதித்தான். தண்ணீர் நாலா பக்கமும் தெறிக்க ஒரே அடியாக அடித்துக்கொண்டு போனான். இரண்டு முறை போய் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான். பக்கத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி சத்தமே இல்லாமல் எட்டாவது சுற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

விஷயம் தலையில் இருக்கிறது. கடலில் நீந்துகிறவர்கள் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்துவார்கள். அலை பார்க்கணும், கயிறு பார்க்கணும், படகு எந்தப் பக்கம் என்று பார்க்கணும். தலை மேலே வந்தால் இடுப்பும் காலும் கீழே இறங்கிவிடும். அப்புறம் நீங்கள் நீந்துவது இல்லை, உங்களையே இழுத்துக்கொண்டு போகிறீர்கள். விழுந்தவன் படகைப் பிடிக்க அது போதும். கரையேறிய பிறகு சைக்கிள் மிதிக்கக் காலில் மிச்சம் இருக்காது. அதனால் முகத்தைத் தண்ணீருக்குள் வையுங்கள். உள்ளே இருக்கும்போதே மூச்சை முழுசாக ஊதி விடுங்கள், பக்கவாட்டில் திரும்பி இழுங்கள். 25 மீட்டர் குளத்தில் 30 தடவை கடந்தால் 750 மீட்டர். அதை நிற்காமல், அவசரப்படாமல் கடக்க வந்துவிட்டால் போதும்.

ஆனால் உங்களிடம் இருப்பது எங்களிடம் இல்லை. கடலுக்கு நூறு அடி தள்ளிப் பிறந்தும் 40 வயது வரை எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் வீட்டில் ஆம்பளைகள் கடலுக்குள்ளே, பொம்பளைகள் கரையோடு சரி. போட்டிக்கு முந்தின நாள் அப்பா கேட்டது ஒரே கேள்வி. "தெண்டியா, வன்னியா?" தெண்டி நீரோட்டம் வடக்கே தள்ளும், வன்னி நீரோட்டம் தெற்கே தள்ளும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றைக்குத் தெண்டி. "மிதவையைப் பாத்துப் போகாத, அதுக்குத் தெக்கால பாத்துப் போ, வெள்ளமே கொண்டுபோய் விடும்" என்றார். நீந்தும் வழிக்கு அடையாளமாக விட்டிருந்த மிதவையை நேராகக் குறிவைத்தவர்கள் வடக்கே ஒதுங்கிப்போய் மறுபடி எதிர்த்து வந்தார்கள். நான் அன்றைக்கு முந்தியது அந்த இரண்டு மூன்று பேரைத்தான். சில கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து குறி பார்ப்பது உங்களுக்குத் தானாக வரும். நான் அதற்கு ஃபீஸ் கட்டிப் படித்தேன்.

எனக்கு 52 வயது, ரயில்வேயில் வேலை. குளத்தில் நன்றாக நீந்துகிறேன். கடல் என்றாலே நெஞ்சு அடைக்கிறது. நடுவில் பயம் வந்தால் என்ன செய்வது?
(வாசகர், பெரம்பூர்)

நெஞ்சு என்று எழுதியிருக்கிறீர்கள், வயது 52. முதலில் டாக்டரைப் பாருங்கள். ஈசிஜி எடுத்து, போட்டி பற்றியும் சொல்லி, அவர் சரி என்றால் மேலே பேசுவோம்.

பயம் எனக்கும் வந்தது. முதல் நூறு மீட்டருக்குள்ளேயே யாரோ ஒருவரின் குதிகால் என் கண்ணாடியில் பட்டு ஒரு பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. மூச்சு சின்னச் சின்னதாக வருகிறது, கை ஓடவில்லை. கீழே பார்த்தால் பச்சையும் பழுப்புமாக ஒன்றுமே தெரியவில்லை. குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அந்தக் கோட்டை எவ்வளவு நம்பியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மல்லாந்து படுத்துவிட்டேன். வானத்தைப் பார்த்து பத்து மூச்சு. அப்புறம் கையைத் தூக்கினேன், காவலுக்கு நின்ற கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு பக்கத்தில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கண்ணாடியைச் சரிசெய்தேன்.

இது தோல்வி இல்லை, விதியிலேயே இடம் இருக்கிறது. கயாக்கையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறலாம், அதைப் பிடித்தபடி முன்னேறத்தான் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினாலே பாதி பயம் போய்விடும். ஆரம்பத்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்காமல் ஓரமாக, கடைசியில் இறங்குங்கள். போட்டிக்கு முன்னால் தெரிந்தவர்களோடு நாலைந்து தடவையாவது கடலில் நீந்திவிடுங்கள், தனியாக வேண்டவே வேண்டாம். நம் வடசென்னைக் கரையில் எங்கே பார்த்தாலும் அரிப்புக்குப் போட்ட பாறைகள், படகுப் போக்குவரத்து, டீசல் வேறு. நான் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பிக் கோவளம் போய்விடுவேன், அங்கே ஒரு குழு நீந்துகிறது.

லட்ச ரூபாய் சைக்கிள் இல்லாமல் கலந்துகொள்ள முடியுமா மேடம்?
(கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

முடியும். என்னுடையது கியர் வைத்த பழைய ஹைப்ரிட், ஒருவர் வீட்டு மாடியில் துரு ஏறிக் கிடந்ததை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். 20 கிலோமீட்டருக்கு 58 நிமிடம் ஆனது. லட்ச ரூபாய்க்காரர்கள் சிலர் எனக்குப் பின்னாலும் வந்தார்கள்.

சைக்கிளின் விலையை யாரும் பார்க்க மாட்டார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள். ஹேண்டில்பார் முனையையும் பார்ப்பார்கள். என் சைக்கிளில் வலது கைப்பிடி ரப்பர் முனையில் கிழிந்து இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. சோதித்தவர் அதில் விரலை விட்டுக் காட்டினார். "விழுந்தா இது உள்ள ஏறிடும்மா. அடைச்சா விடறேன்." தண்ணீர் பாட்டில் மூடியை அதன்மேல் வைத்து இன்சுலேஷன் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

ஹெல்மெட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுப்பதற்கு முன்னாலேயே தலையில் மாட்டி பட்டையைப் பூட்டியிருக்க வேண்டும், திரும்ப சைக்கிளை வைத்த பிறகுதான் கழற்றலாம். அப்புறம், நம்மைப் போன்ற அமெச்சூர்களுக்கு நடத்தும் பெரும்பாலான போட்டிகளில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒதுங்கி ஓட்டினால் தண்டனை உண்டு. விதித்தாளைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டிப் பழக இடமே இல்லையே?
(வாசகி, எண்ணூர்)

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டி மாதிரி வரிசை கட்டி நிற்கும். நிற்கிற லாரி பரவாயில்லை, திடீரென்று கதவைத் திறந்து இறங்குகிற கிளீனர் பையன்தான் ஆபத்து. மணலி பக்கமும் இதே கதை. முதுகில் பளபளக்கும் பட்டை, பின்னால் சிவப்பு விளக்கு என்று எல்லாம் மாட்டி இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன். ஒருநாள் டிரெய்லர் ஒன்று உரசினாற்போல் திரும்பியது. அன்றோடு விட்டேன்.

இப்போது வார நாளில் மொட்டை மாடிதான். பின்சக்கரத்தைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஸ்டாண்ட் பழையதாகக் கிடைத்தது. துணி காயப்போட வருகிற மாடி வீட்டம்மா, "எங்க போய்க்கினு இருக்க?" என்று தினமும் கேட்பார். "மகாபலிபுரம்" என்பேன். ரோட்டில் ஓட்டுவது ஞாயிறு மட்டும், குழுவோடு.

ஓட்டத்தில் எனக்குப் பழக்கம் உண்டு. சைக்கிளிலிருந்து இறங்கினால் கால் வராது என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், கொளத்தூர்)

உண்மைதான், கால் நம்முடையதாகவே இருக்காது. முழங்காலுக்குக் கீழே யாரோ ஈர மணலைக் கட்டி விட்ட மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் குனிந்து வட்டமாக மிதித்த தசைகளை நிமிர்த்தி நேராக ஓடச் சொன்னால் முரண்டு பிடிக்கும். ஒரு கிலோமீட்டர் போனால் வழிக்கு வரும்.

இதற்கென்றே சைக்கிள் முடித்த கையோடு ஓடிப் பழகுவார்கள், பிரிக் என்று பெயர். நான் மாடியில் 40 நிமிடம் மிதித்துவிட்டு இறங்கி ராபின்சன் பூங்காவுக்கு ஓடுவேன். 1949இல் தி.மு.க. முதல் பொதுக்கூட்டம் நடந்த அதே பூங்காதான். காலையில் நடக்க வருகிற பெரியவர்கள் நான் தள்ளாடி ஓடுவதைப் பார்த்து, கட்சி பேச்சை நிறுத்திவிட்டு வழி விடுவார்கள். போட்டியில் சைக்கிளின் கடைசி ஒரு கிலோமீட்டர் லேசான கியருக்கு மாற்றி காலை வேகமாகச் சுழற்றுங்கள், இறங்கும்போது கொஞ்சம் உதவும்.

உடை எங்கே மாற்றுவீர்கள்? மாதவிலக்கு நாளில் போட்டி வந்தால்? (பெயர் வேண்டாம்)
(வாசகி, வண்ணாரப்பேட்டை)

உடை மாற்றுவதே இல்லை. தொடை வரை வருகிற, சீக்கிரம் காய்கிற ஒரே உடைதான் நீச்சல் முதல் ஓட்டம் வரை. குளிர் நாடுகளில் போடுகிற ரப்பர் உடையை இங்கே யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள். 22 டிகிரிக்கு மேல் தண்ணீர் இருந்தால் இந்தத் தூரத்துக்கு அதற்கு அனுமதியே இல்லை, நம் கடல் அதைவிடச் சூடு. உள்தொடை, அக்குள், கழுத்து மூன்றிலும் வாசலினைத் தாராளமாகத் தடவுங்கள். உப்புத் தண்ணீரில் உரசினால் அன்று இரவு குளிக்கும்போது அழுவீர்கள்.

என் முதல் போட்டி இரண்டாம் நாளில்தான் வந்தது. மென்ஸ்ட்ருவல் கப் வைத்துக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதைப் போட்டி நாளில் முதல் தடவையாக முயற்சி செய்யாதீர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே பழகிவிடுங்கள். வலி அதிகம் இருக்கிறவர்கள் அன்றைக்கு இறங்காமல் இருந்தால் யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் நேரத்தில் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாற மட்டும் 9 நிமிடம் என்று போட்டிருந்தீர்கள். தூங்கிவிட்டீர்களா?
(வாசகர், திருவொற்றியூர்)

நக்கல் புரிகிறது. நீச்சல் 31, மாற்றம் 9, சைக்கிள் 58, மாற்றம் 4, ஓட்டம் 44. மொத்தம் 2 மணி 26 நிமிடம். அங்கே கெடு இரண்டரை மணி நேரம்.

நடந்தது இதுதான். விடிவதற்கு முன் இருட்டில் சைக்கிளை வைத்தேன். கடலிலிருந்து கண்ணெல்லாம் உப்போடு வந்து பார்த்தால் வரிசை வரிசையாகச் சைக்கிள், எல்லாவற்றின் அடியிலும் நீலத் துண்டு. என்னுடையதும் நீலத் துண்டு. மூன்று வரிசை ஏறி இறங்கினேன், ஒரு தன்னார்வலப் பையன்தான் என் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தான். அதற்குள் அழுகை வந்துவிட்டது, உப்புத் தண்ணீரோடு போயிற்று. இனிமேல் அப்பாவின் கட்டம் போட்ட கைலிதான் விரிப்பேன், கடலிலிருந்து எத்தனையாவது வரிசை என்று நடந்து எண்ணியும் வைப்பேன். காலில் மணலைக் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர், ஷூவுக்குள் கொஞ்சம் பவுடர், இழுத்தால் போதும் என்கிற எலாஸ்டிக் லேஸ். வேறு ஒன்றும் வேண்டாம்.

என்ன சாப்பிட வேண்டும்?
(பலர்)

வழக்கமாக என்ன ஒத்துக்கொள்கிறதோ அதை. நான் முந்தின இரவு ரசம் சாதம், காலை நான்கு மணிக்கு சட்னி சாம்பார் இல்லாமல் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். சைக்கிளில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுவதை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு பிளேட் சாப்பிட்டேன்.

இது ரொம்பப் பழைய விளையாட்டா?
(பள்ளி மாணவி, மாதவரம்)

இல்லை கண்ணு, என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. 1974இல் அமெரிக்காவில் சான் டியாகோ ஊரில் ஓட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தியதில் 46 பேர் ஓடினார்கள், அங்கேதான் இது தொடங்கியது. ஒலிம்பிக்கில் வந்தது 2000, சிட்னி.

வீட்டில் என்ன சொன்னார்கள்? பதக்கத்தை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?
(வாசகி, தண்டையார்பேட்டை)

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கற்றுக்கொண்டார், இப்போது செவுள் தூக்கிப் பார்த்து பேரம் பேசுகிறார். அம்மா பதக்கத்தைக் கையில் எடுத்து எடை பார்த்து, "பித்தளையா?" என்றார். இல்லை என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அதைப் பீரோ சாவியோடு கோர்த்து வைத்திருக்கிறேன். இந்த ஒரு மாதமாகச் சாவி தொலையவில்லை.