மெட்டாரில் (விமான நிலைய வானிலை அறிக்கையில்) "-எஸ்ஹெச்ஆர்ஏ பிஆர் பிகேஎன்008" என்றால் என்ன?

விட்டுவிட்டுப் பெய்யும் லேசான மழை, மென்பனி, 800 அடியில் மேகம். ஆனால் துண்டாகப் பார்க்காமல் முழு வரியோடு படியுங்கள்:

240530இசட் 24015ஜி27கேடி 3000 -எஸ்ஹெச்ஆர்ஏ பிஆர் பிகேஎன்008 24/23 க்யூ1009

முதல் தொகுதி 24-ஆம் தேதி, 05:30 யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரம் என்று நினைத்தால் அறிக்கை எவ்வளவு பழையது என்பதைத் தவறாகக் கணித்துவிடுவீர்கள். காற்று 240 டிகிரியிலிருந்து 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்), இடையிடையே 27 வரை வீச்சு. இங்கே திசை உண்மை வடக்கை வைத்து. கட்டுப்பாட்டுக் கோபுரம் வானொலியில் சொல்வது பொதுவாகக் காந்த வடக்கை வைத்து. ஓடுபாதை எண்ணும் பெரும்பாலும் காந்தத் திசைதான் என்பதால், பக்கக்காற்றைக் கணக்கிடும்போது பலர் இடறுவது இங்கேதான்.

3000 என்பது பார்வைத்தூரம், மீட்டரில். 1000 முதல் 5000 மீட்டர் வரை பிஆர், அதாவது மென்பனி. 1000-க்குக் கீழே போனால் எஃப்ஜி, அதாவது மூடுபனி. கழித்தல் குறி லேசு, கூட்டல் குறி கடுமை, குறியே இல்லையென்றால் மிதம். குறி விடுபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்!

பிகேஎன் என்றால் வானத்தின் எட்டுப் பங்கில் 5 முதல் 7 பங்கு மேகம். 008-ஐ நூறால் பெருக்குங்கள். இந்த உயரம் விமான நிலையத் தரையிலிருந்து. ஆல்டிமீட்டரோ (உயரமானி) க்யூஎன்ஹெச், அதாவது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தம் (வரியில் க்யூ1009, ஹெக்டோபாஸ்கலில்) வைத்தால் கடல்மட்டத்திலிருந்து காட்டும். 2000 அடி உயரத்து நிலையமென்றால் 2800 அடி காட்டும்போதே மேகம் தொடங்கிவிடும்.

24/23 வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை). இடைவெளி ஒரே டிகிரி. காற்று அடங்கி இன்னும் குளிர்ந்தால் பிஆர் எஃப்ஜியாக மாற நேரமாகாது.