முப்பத்தைந்துக்குப் பிறகு கணினி அறிவியல்: கேள்வி பதில்

ஒரு பஞ்சாலையின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 35ஆம் வயதில் எம்.சி.ஏ. வகுப்பில் போய் உட்கார்ந்தவள் நான். இப்போது கோவைக்கு அருகே ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். வேலை, குடும்பம் என்று ஆண்டுகள் ஓடிய பிறகு மீண்டும் படிக்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுதோறும் மாறுபவை என்பதால் அவற்றைத் தொடவில்லை.

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். வயது 34, பி.காம். படித்தவன். பிளஸ் டூவில் வணிகவியல் குரூப் என்பதால் கணிதப் பாடம் இல்லை. எம்.சி.ஏ. சேர முடியுமா? என்னைப் போன்றவனுக்கு இந்தப் படிப்பு ஏறுமா?

பதில்: முதலில் தகுதியைப் பார்ப்போம். 2020-21 கல்வியாண்டு முதல் எம்.சி.ஏ. மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்றாலும், பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். பி.காம். படிப்பில் வணிகக் கணிதம் என்று ஒரு தாள் எழுதியிருப்பீர்கள். அதைக் கணிதமாக ஏற்றுக்கொண்டு, விடுபட்டதை ஈடுகட்டும் இணைப்புப் பாடங்களைக் கூடுதலாகப் படிக்கச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. ஆகவே அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன், நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியிடம் உங்கள் மதிப்பெண் பட்டியலைக் காட்டி, எழுத்து மூலமாகவோ மின்னஞ்சலிலோ பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "வாங்க சார், பாத்துக்கலாம்" என்று சொல்பவர் சேர்க்கை நாளன்று அந்த இருக்கையில் இருக்கமாட்டார்.

அடுத்து, ஏறுமா என்ற கேள்வி. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு அறிக்கையையும் உங்கள் பேரேட்டையும் வைத்து எப்படி டிக் அடிக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் 5,000 பதிவுகள் இருக்கின்றன என்று கொள்வோம். பேரேட்டின் ஒவ்வொரு வரிக்கும் வங்கி அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை தேடினால், மோசமான நிலையில் 5,000 பெருக்கல் 5,000, அதாவது 2.5 கோடி ஒப்பீடுகள் ஆகும். எந்தக் கணக்காளரும் அப்படிச் செய்யமாட்டார். இரண்டையும் தேதி வாரியாக அடுக்கி, இடது கை விரலை ஒன்றிலும் வலது கை விரலை மற்றதிலும் வைத்து, எந்தப் பக்கத்துத் தேதி பிந்தியிருக்கிறதோ அந்த விரலை நிறுத்திக்கொண்டு மற்ற விரலை நகர்த்திக்கொண்டே போவார். விரல்கள் இரண்டும் சேர்ந்து 10,000 முறைக்கு மேல் நகர வேண்டியதில்லை. அடுக்குவதற்கு ஆகும் ஒப்பீடுகளையும் சேர்த்தாலும் மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கிவிடும். தரவுக் கட்டமைப்புகள் (தரவை அடுக்கிவைக்கும் முறைகள்), அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிமுறை) ஆகிய பாடங்களில் முதல் சில வாரங்கள் நடத்தப்படுவது இந்த வேறுபாட்டைத்தான். 2.5 கோடிக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையிலான இடைவெளி, பதிவுகள் பெருகப் பெருக எப்படி விரிகிறது என்பதை எழுதத்தான் "பிக் ஓ" என்ற குறியீடு வருகிறது. என் வகுப்புத் தோழர்கள் அந்தக் குறியீட்டை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் மில் பேரேடுதான் கண்முன் வந்தது.

கேள்வி: அக்கா, நான் சேலம். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து எட்டு வருடமாக ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். ஒரே ஆண்டில் தொலைதூர முறையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கித் தருவதாக ஒரு மையம் சொல்கிறது. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. பொறியியல் பட்டத்தைத் தொலைதூர முறையிலோ முழு இணையவழியிலோ தருவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடம் தருவதில்லை. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பகுதியை நிறுத்திவைத்தும் ஒரு பகுதியை ரத்து செய்தும் தீர்ப்பளித்தது. அந்தப் பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு பெற்றவர்களும் அதில் சிக்கிக்கொண்டார்கள். ஒரே ஆண்டில் பி.இ. என்று சொல்வதை எந்த விதியை வைத்தும் நியாயப்படுத்த முடியாது.

டிப்ளமா படித்தவர்களுக்கு நேர்வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி. அதற்கு வேலையை விட வேண்டியிருக்கும். மற்றொன்று, வேலையில் இருக்கும் டிப்ளமாதாரர்களுக்காகத் தமிழ்நாட்டின் சில அரசு, அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரிகளில் மாலை நேரத்தில் நடக்கும் பகுதி நேர பி.இ. படிப்பு. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு பணி அனுபவம் வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பாருங்கள். ஷிப்ட் மாறி மாறி வரும் வேலை என்றால், மாலை வகுப்புக்கு ஏற்றபடி நிரந்தரப் பகல் ஷிப்ட் கிடைக்குமா என்பதை மேலாளரிடம் கேட்ட பிறகே விண்ணப்பத்தை எடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 41. மதுரையில் இல்லத்தரசி. பிளஸ் டூ முடித்த கையோடு திருமணம். இரண்டு பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். இந்த வயதில் பட்டப்படிப்பில் யார் சேர்த்துக்கொள்வார்கள் அம்மா? சான்றிதழில் அப்பாவின் இனிஷியலும் ஆதாரில் கணவர் பெயரும் இருக்கின்றன.

பதில்: சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் அறிவித்த தரவு அறிவியல் பி.எஸ். பட்டப்படிப்புக்கு வயது வரம்பு இல்லை. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வு எழுதித் தேறினால் உள்ளே போகலாம். பாடங்கள் இணையவழியில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அடிப்படை நிலை, டிப்ளமா நிலை, பி.எஸ்சி., பி.எஸ். எனப் படிப்படியாக அமைந்திருப்பதால், இடையில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை முடித்த நிலைக்கான சான்றிதழுடன் வெளியேறலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. பெயரில் தரவு அறிவியல் என்றிருந்தாலும் பைத்தான், ஜாவா என்ற நிரல் மொழிகள், தரவுத்தளம், அல்காரிதம் எல்லாமே அதில் வருகின்றன.

இது கடினமாகத் தோன்றினால் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பை ஆறு ஆண்டுகள் வரை நீட்டிப் படிக்கலாம். பிள்ளைகளின் பொதுத்தேர்வு ஆண்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள இது வசதி. என் யோசனை, முதலில் அந்த நான்கு வாரத் தகுதிப் பாடங்களைப் படித்துப் பாருங்கள். தினமும் இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டில் உங்களுக்குக் கிடைக்கிறதா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

பெயர் விஷயத்தில் நானே மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். எங்கே விண்ணப்பித்தாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே, புள்ளி, இடைவெளி, இனிஷியலின் இடம் உட்பட எழுதுங்கள். பட்டச் சான்றிதழ் அந்தப் பெயரில்தான் அச்சாகும். ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுவது பெரும்பாலும் எளிது. சான்றிதழ் பெயரை மாற்றப் போனால் அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டியிருக்கும். பழைய மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பள்ளியில் இப்போதே நகல் கேட்டுவிடுங்கள். இருபது ஆண்டுப் பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து இறக்க அவர்களுக்கும் நாளாகும்.

கேள்வி: பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கிவிடலாமா?

பதில்: பிளஸ் டூவை முதலில் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையைக் கட்டாயமாகப் பார்க்கிறார்கள். அந்த வரிசை உடைந்தால் பின்னால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

கேள்வி: கணக்கு சுத்தமாக மறந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலமும் பயமாக இருக்கிறது.

பதில்: தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் தமிழிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். எல்லாப் பாடமும் வேண்டாம். கணங்கள், தொடர்புகள், சார்புகள் பற்றிய முதல் பாடம், பிறகு சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும், கடைசியில் நிகழ்தகவு அறிமுகம். பன்னிரண்டில் அணிகளும் தனிநிலைக் கணிதமும் போதும். நுண்கணிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் மறுபடி தொடங்கியபோது முதலில் உதைத்தது தொகுத்தறிதல்தான்; முதல் எண்ணுக்கு உண்மை என்று காட்டி, ஓர் எண்ணுக்கு (கே) உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டி, எல்லா எண்ணுக்கும் நிறுவும் முறை அது. "கே-வுக்கு உண்மை என்று கொள்வோம்" என்று எழுதும்போது, நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொள்வதுபோல எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு நாள் தன்னைத்தானே அழைக்கும் நிரல் ஒன்றைக் கையால் எழுதி, அது ஓடும் விதத்தை வரி வரியாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, சிறிய கணக்குக்குச் சரியாக வரும் என்று நம்பி அடுத்த பெரிய கணக்கை அதன்மேல் கட்டும் அதே வேலைதான் இரண்டிலும் நடக்கிறது என்பது புரிந்தது. எனவே கணிதத்தையும் நிரலையும் தனித்தனி மாதங்களில் வைத்துக்கொள்ளாமல் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் படியுங்கள்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பயம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ் வழிப் பொறியியலைத் தொடங்கியபோதும் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரண்டையே எடுத்துக்கொண்டது. கணினிப் பாடநூல்கள் இன்றுவரை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்த ஆங்கிலம் கதைப் புத்தக ஆங்கிலம் அன்று. ஐந்நூறு அறுநூறு சொற்களே திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டில் இடப்பக்கம் கலைச்சொல்லையும் வலப்பக்கம் உங்கள் சொந்தத் தமிழ் விளக்கத்தையும் எழுதிவாருங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தின் காணொளிகளில் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது, இரண்டு ஆண்டு செலவழித்துப் படிப்பது வீண் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?

பதில்: உங்கள் மகனிடம் பைத்தானைத் திறந்து 0.1 உடன் 0.2ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று விடை வரும். மூன்றில் ஒரு பங்கைப் பதின்மத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் நீள்வதுபோல, பத்தில் ஒரு பங்கைக் கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டு) எழுதினால் அதுவும் முடியாது. எங்கேயாவது வெட்டித்தான் நினைவகத்தில் வைக்க முடியும். இதனால்தான் ரூபாய்க் கணக்கைச் சாதாரணத் தசம எண்ணில் வைக்காமல், பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைக்கவேண்டும் என்று கற்பிக்கிறோம். சென்ற பருவத்தில் ஒரு மாணவர் இந்தக் கருவிகளில் ஒன்று எழுதித் தந்த பில் நிரலை அப்படியே கொண்டுவந்தார். பார்வைக்கு அழகாக இருந்தது, ஓடியது, நூறு பில்களைக் கூட்டியதும் மொத்தம் ஒத்துப்போகவில்லை. எங்கே தவறு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதித் தரும் வேலை மலிவாகிறது என்பதில் உங்கள் மகன் சொல்வது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. நிரல் எழுத மட்டும் கற்றுக்கொள்ள நினைத்தால் கல்லூரி தேவையே இல்லை. ஆனால் எழுதியதைச் சோதித்து "இது தவறு, காரணம் இது" என்று சொல்ல, கணினி அமைப்பு, இயக்கமுறைமை, தரவுத்தளம் போன்ற சலிப்பூட்டும் பாடங்கள் வேண்டும். தனியே படிக்கும்போது நாம் தள்ளிப்போடுவதும் அவற்றைத்தான், தேர்வு என்ற கட்டாயம் உதவுவதும் அங்கேதான்.

கேள்வி: படித்து முடிக்கும்போது வயது 38 ஆகிவிடும். வேலை தருவார்களா? இப்போதைய வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா?

பதில்: வளாக நேர்காணலை நம்பாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பல, தேர்ச்சி பெற்ற ஆண்டு, படிப்பில் இடைவெளி, பத்தாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம் என்றெல்லாம் சல்லடை வைத்திருக்கின்றன. நான் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகும், ஒரு நிறுவனத்தில் பிறந்த ஆண்டைப் பார்த்துவிட்டு "பிறகு அழைக்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அழைக்கவில்லை. ஆனால் துணி மில்களுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தில், பருத்திக் கொள்முதலும் நூல் இருப்பும் எப்படிக் கணக்காகிறது என்று அரைமணி நேரம் பேசியபோது, வயதைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. மருத்துவமனையில் பில்லிங் பார்த்தவர் மருத்துவ மென்பொருளுக்கும், ஆசிரியராக இருந்தவர் கல்வி மென்பொருளுக்கும் போவது இப்படித்தான். மென்பொருள் சோதனையும் தரவுத்தளப் பணியும் நுழைய ஏற்ற வாசல்கள். தொடக்கச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கலாம், அதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வேலையை விடுவது பற்றி: முதல் பருவத் தேர்வு முடிவு வரும்வரை விடவேண்டாம் என்பது என் கருத்து. முழுநேரக் கல்லூரியில் அது முடியாது என்பதால், தொலைதூர அல்லது இணையவழிப் படிப்பில் ஒரு பருவம் உங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். கல்விக்கடன் வாங்கினால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் தம் சொந்தப் படிப்புக்கான கடன் வட்டிக்கும் எட்டு ஆண்டுகள் வரை கழிவு கோரலாம்; பிள்ளைகளின் படிப்புக்கு மட்டுமே அது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எந்த லேப்டாப் வாங்க வேண்டும்?

பதில்: 8 ஜி.பி. ரேம் உள்ள பழைய கணினி இருந்தால், அதில் லினக்ஸ் என்ற இலவச இயக்கமுறைமையை நிறுவிக்கொண்டு முதலாண்டை ஓட்டலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல நாற்காலி வாங்குங்கள். இந்த வயதில் முதுகுதான் முதலில் விடுப்பு கேட்கும்.