நோட்டர் டேம் வாய்ப்பும் செண்பகனூர்க் கடிதமும்

வணக்கம் ஐயா. கொடைக்கானலில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கள் மகளுக்கு, 94 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா, செண்பகனூர் அருட்தந்தை ஒருவரின் பரிந்துரை உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே விண்ணப்பிப்போரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது என்பதால், 94 என்பது வாசல்வரை கொண்டுபோய் விடுமே தவிர உள்ளே அழைத்துச் செல்லாது.

செண்பகனூர் இல்லம் சேசு சபையாருடையது. நோட்டர் டேமையோ 1842இல் நிறுவியவர்கள் திருச்சிலுவைச் சபையார் (எல்லாக் கத்தோலிக்க நிறுவனங்களும் ஒரே வீடு என்றுதான் நம் ஊரில் பலரும் நினைக்கிறோம்). எந்தச் சபையாயினும், பிள்ளையை ஞாயிறு பூசையில் மட்டும் பார்த்தவர் எழுதுவதைவிட, வட்டக்கானல் வீட்டு மாடியில் மழைமானி வைத்து இரண்டாண்டுகளாக நாள்தோறும் தங்கள் மகள் குறித்துவரும் நோட்டைத் திருத்திக் கொடுத்த ஆசிரியர் எழுதுவதே எடுபடும். தாங்கள் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்ட அந்த நோட்டுத்தான், என் கணிப்பில், விண்ணப்பத்தின் உயிர்.

செலவைப் பொறுத்தவரை, 2024இல் அறிவித்த மாற்றத்தின்படி வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பாராமலே சேர்க்கையை முடிவுசெய்கிறார்கள். ஆகவே உதவி கேட்கத் தயங்க வேண்டாம். நவம்பர் 1இல் முடியும் முன்கூட்டிய விண்ணப்பம், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்று கட்டுப்படுத்துவதில்லை. திருச்சி, சென்னைக் கல்லூரிகளுக்கும் உடன் விண்ணப்பம் போட்டுவையுங்கள்.