மோதிரம் இறுகியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். என் தாயார் மகரகம வைத்தியசாலையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று இறந்தவர். அங்குள்ள சிறுவர்களுக்கு நிதி திரட்ட, நண்பர்கள் மூவருடன் கொழும்பிலிருந்து கண்டிவரை ஒரே மூச்சில் ஓடவிருக்கிறேன். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று பலர் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற ஞாயிறு காலிமுகத்திடலில் ஐந்து மணிநேரம் ஓடிப் பழகினேன். உடல் வறண்டுவிடக் கூடாதென்று நிறையத் தண்ணீர் குடித்தேன். முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக் இரண்டு போட்டேன். ஓடி முடித்தபோது தலைவலி, இரண்டு தடவை வாந்தி. விரலில் மோதிரம் இறுகிவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு லொசார்டன் எடுக்கிறேன். இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டுமா?

பதில்: இல்லை, குறைவாகக் குடித்திருக்க வேண்டும். மோதிரத்தைப் பற்றி எழுதினீர்களே, நல்லவேளை. வறண்ட உடலில் மோதிரம் இறுகுவதில்லை. தலைவலியையும் வாந்தியையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததோ என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். அது லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல்வரை இருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடும்போது மூளையிலிருந்து சுரக்கும் வாசோபிரசின் என்ற ஹோர்மோன் சிறுநீரைக் கட்டுப்படுத்திவிடும். குடித்த தண்ணீர் வெளியேற வழியின்றி இரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும். அளவு மீறினால் மூளை வீங்கும். வலிப்பும் மயக்கமும் வரும், உயிரும் போகலாம். 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நான்கு மணிநேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும், ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமுமே அது அதிகம். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி உப்புக் கரைசலைக் குடித்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அதிலுள்ள உப்பும் இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவுதான். தாகம் எடுத்தால் குடியுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் பயமில்லை. கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள்.

டைக்ளோபெனாக்கை ஓட்டத்துக்கு முன்போ ஓடும்போதோ தொடவே கூடாது. ஓடும்போது இரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விட, சிறுநீரகத்துக்குக் கிடைப்பது சுருங்குகிறது. அந்தக் கொஞ்சத்தையும் காப்பாற்றும் ஏற்பாட்டை இந்த மாத்திரை முடக்கிவிடும். நீங்கள் லொசார்டனும் எடுப்பவர் என்பதால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. நீண்ட ஓட்டத்தில் தசை நார்கள் உடைந்து கொட்டும் கழிவும் அதே சிறுநீரகத்துக்குத்தான் வருகிறது. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். லொசார்டனை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது வெக்கை. கொழும்பின் ஈரக் காற்றில் வியர்வை காயாமல் வழிந்தே போகிறது. காயாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. மாலையில் புறப்பட்டாலும், கடுகண்ணாவை ஏற்றத்துக்கு வரும்போது மறுநாள் வெயில் ஏறியிருக்கும். ஒருவர் பேச்சுக் குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், உடனே 1990க்கு அழையுங்கள். தொட்டால் உடம்பு கொதித்தால், அம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் ஐஸ் தண்ணீரில் உடலை அமிழ்த்துங்கள்; முடியாவிட்டால் வாளி வாளியாக ஊற்றி விசிறுங்கள்.

இத்தனைக்கும் மேலாக என்னை உறுத்துவது அந்தக் கிலோமீற்றர்க் கணக்கு. பல வருடங்களுக்கு முன் இப்படியொரு நிதி ஓட்டத்தின் மருத்துவக் கூடாரத்தில் இருந்தேன். ஓர் இளைஞன் கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முயன்றுகொண்டிருந்தான். விரல்கள் முடிச்சுப் போட மறுத்தன. "இன்னும் மூன்று கிலோமீற்றர்தான் டொக்டர், காசு குறைந்துவிடும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் அவனை நிறுத்த முடிந்தது. தனக்காக ஓடுகிறவன் வலித்தால் நின்றுவிடுவான். நோயாளிப் பிள்ளைகளுக்காக ஓடுகிறவனுக்கு நிற்பது துரோகமாகத் தெரிகிறது. தாயாரை நினைத்து ஓடும் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆகவே பணம் தருபவர்களிடம் இப்போதே பேசுங்கள்: எங்கே நின்றாலும் முழுத் தொகையையும் தர வேண்டும்.

ஒரே மூச்சில்தான் போக வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை சுமார் 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து நிதி சேர்த்தார்கள். தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது அந்தப் பணத்தில். நாளுக்கு 25 கிலோமீற்றர். வழியில் யார் யாரோ வந்து கூடவே நடந்தார்கள். கண்டி வீதி சுமார் 115 கிலோமீற்றர். ஐந்து நாட்களில் நடந்தால் உங்கள் பிள்ளைகளும் அயலவர்களும்கூட வரலாமே.

இந்தக் கிழமையே சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் மூன்றையும் பரிசோதியுங்கள். லொசார்டன் எழுதித் தந்த வைத்தியரிடம் அறிக்கையைக் காட்டி, டைக்ளோபெனாக் போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வயதுக்கும் அழுத்தத்துக்கும் ஓடவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. பரிசோதனையும் தேவை. அவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட வேண்டாம். மாலையில் காலிமுகத்திடலில் அரை மணிநேரம் நடந்தால் போதும். அதற்குள் தலைவலியோ தடுமாற்றமோ திரும்பவும் வந்தால், முடிவுகளுக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.